வாத்துக பிரசவத்துக்கு வர்ற தீவு

ஒரு ஊர்ல... ஊர்னு சொல்லக்கூடாது, அது தீவு. வடக்கே, வடக்கேன்னா நம்ம வடக்கு இல்ல, கப்பல்ல போய்க்கிட்டே இருந்தா கடல்ல பனிக்கட்டி மிதக்குமாம், அந்த வடக்கே, ஒரு தீவு இருந்துச்சு. உங்க தாத்தா கப்பல்ல வேலைக்குப் போயிட்டு வந்து சொன்னது. அவரு சொன்னதுல பாதி புளுகு, மீதிப் பாதியில நான் கொஞ்சம் சேத்திருக்கேன். நம்புறவன் நம்பு, நம்பாதவன் திரும்பிப் படு.

அந்தத் தீவுல மருந்துக்குக்கூட மரம் கிடையாது. அம்புட்டுக் காத்து. அங்கங்க மலை உச்சியில புகை வரும், உள்ள நெருப்பு. வீட்டுக்கு உத்தரம் வேணும்னா கடல் பாத்து எங்கருந்தாவது ஒரு கட்டையை அடிச்சுக்கொண்டாந்து கரையில போடணும். கூரைக்கு ஓலை ஏது? புல்லோட மண்ணைப் பாளம் பாளமா வெட்டி மேல அடுக்கிருவாங்க. புல்லு கூரையிலயே வளரும், ஆடு கூரையில ஏறி மேயும். ஏய் பவளம், சிரிக்காத, நெசமாத்தான். குளிர்காலத்துல சூரியன் தலையையே காட்டாது. கோடை வந்துட்டா மறையவே மறையாது. தூங்கணும்னா சன்னலை அடைச்சுக்கிட்டுத் தூங்கணும்.

அந்தப் பெரிய தீவுக்குப் பக்கத்துல ஒரு குட்டித் தீவு. அதுல ஒரே ஒரு வீடு. அதுல ஒரே ஒருத்தி. பேரு ரக்னா. புருசன் மீன்பிடிக்கப் போனவன் வரல. பிள்ளை குட்டி இல்ல. ஆனா அவ தனியா இருக்கான்னு யாரும் சொல்ல முடியாது. ஏன்னா வருசா வருசம் வசந்தம் வந்துட்டா, அவ வீட்டுக்கு எழுபது பிள்ளைத்தாச்சிக வருவாங்க.

யாரு? வாத்துக! காட்டு வாத்து. கடல் வாத்து. வருசம் பூரா கடல்லயே கிடக்கும், முட்டை போட மட்டும் கரைக்கு வரும். தலைப்பிரசவத்துக்கு மக தாய்வீட்டுக்கு வர்ற மாதிரி இதுக ரக்னா வீட்டுக்கு வரும். அவளும் சும்மா இருப்பாளா? பனி உருகுறதுக்கு முன்னாடியே கல்லை அடுக்கி, கடல் கொண்டாந்த பலகையை மேல போட்டு, காய்ஞ்ச கடல்பாசியை உள்ள மெத்தையா விரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி வீடு கட்டி வைப்பா. எழுபது வாத்து, எழுபது வீடு. வாசப்படியில ஒண்ணு, அடுப்படி ஓரம் ஒண்ணு, கட்டிலுக்கு அடியில ஒண்ணு. கட்டிலுக்கு அடியில வர்றது ஒரு நொண்டி வாத்து. அது அவளுக்கு மூத்த மக மாதிரி.

வாத்துக கரையேறுற அன்னிக்கு ரக்னா ஒவ்வொண்ணு முன்னாடியும் குனிஞ்சு, "வாம்மா, வழியில ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"ன்னு கேப்பா. எழுபது தடவை கேப்பா. அதுக்கப்புறம் ஒண்ணரை மாசம் சத்தமா வாயே திறக்க மாட்டா, குசுகுசுப்புதான். அதுதான் அந்த ஊர் வழக்கம். வாத்து அடைகாக்கிற வரைக்கும் கத்தக்கூடாது, சுத்தியல் அடிக்கக்கூடாது, நாயை அவுத்துவிடக்கூடாது. துணியைக்கூட மாத்தக்கூடாது! போன வருசம் எதைப் போத்திக்கிட்டு நின்னாளோ அதையேதான் இந்த வருசமும் போத்தணும், இல்லைன்னா வாத்து மிரண்டுரும். அதனால ரக்னாகிட்ட ஒரு நீலச் சால்வை இருந்துச்சு. வாத்துக்குன்னே ஒரு சால்வை. வேற எங்க போனாலும் அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் போவா.

சரி, இம்புட்டும் எதுக்கு? கேளு. அந்த வாத்து முட்டை போட்டதும், தன் நெஞ்சுல இருக்கிற தூவியை, பஞ்சைவிட மெல்லிசான இறகு, அதைத் தானே பிடுங்கி முட்டையைச் சுத்தி மூடும். குஞ்சு பொரிச்சு, கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருச்சுன்னா, அந்தத் தூவி கூட்டுலயே கிடக்கும். அதுதான் ரக்னாவுக்குக் கூலி. அதை வெயில்ல காயப்போட்டு, நரம்பு கட்டின சட்டத்துல தேய்ச்சுத் தேய்ச்சு அழுக்கை எடுத்து, போர்வை தைச்சு விப்பா. எடை இருக்காது, ஆனா அந்தப் பனியில அதைப் போத்திக்கிட்டா தாய் மடியில படுத்த மாதிரி இருக்கும்.

இந்தப் போர்வை சங்கதி கடல் தாண்டி இருக்கிற ராஜா காதுக்குப் போச்சு. அந்த ராஜாவுக்குக் குளிர்னா ஆகாது. ஏழு கம்பளி போத்தினாலும் பல்லு தடதடன்னு அடிக்கும், தூக்கமே வராது. உடனே ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு, "போய் எனக்கு ஒரு தூவிப் போர்வை கொண்டா"ன்னாரு.

அந்த அதிகாரி பேரு யோர்கன். பெரிய தாடி, பெரிய தொப்பை, எல்லாத்தையும்விடப் பெரிசு அவன் தொண்டை. மெதுவாப் பேசவே தெரியாது. "தண்ணி குடு"ன்னு சொன்னா கப்பல் பாய் ஆடும். அப்படிப்பட்டவனை வாயே திறக்கக்கூடாத ஊருக்கு அனுப்புனா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு.

வந்து இறங்கினான். வாத்துக அடைகாக்க உக்காந்து நாலு நாள்தான் ஆகுது. "ஏய் பொம்பள!"ன்னு ஒரு சத்தம். எழுபது வாத்தும் கழுத்தைத் தூக்கிருச்சு.

ரக்னா ஓடி வந்து, "ஐயா, ஐயா, மெதுவா, உள்ள பிள்ளைத்தாச்சிக இருக்காங்க"ன்னு காதோரம் சொன்னா.

"ராஜாவுக்குப் போர்வை வேணும். மூணு நாள்ல வேணும்!"

"மூணு நாள்லயா? குஞ்சு பொரிக்கவே இன்னும் மூணு வாரம் இருக்கே ஐயா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூணு நாள்ல போர்வை இல்லைன்னா இந்தத் தீவு ராஜாவுக்கு. நீ கிளம்பிப் போயிரணும்."

அவ பிறந்த வீடு, வாழ்ந்த வீடு, புருசன் திரும்பி வந்தா தேடி வர்ற வீடு, எல்லாம் அது ஒண்ணுதான். அவளை விரட்டிட்டா எழுபதும் எங்க போகும்? பாவம் வெகுளி, இவனுக்குப் புரியவச்சா விட்ருவான்னு நினைச்சு, எல்லாத்தையும் ஒண்ணுவிடாமச் சொன்னா. ஏன் கத்தக்கூடாது, ஏன் துணி மாத்தக்கூடாது, வாத்து அவளை எப்படி அந்த நீலச் சால்வையை வச்சு அடையாளம் கண்டுபிடிக்குது, எல்லாம். கள்ளன் கையில சாவியைக் குடுத்த கதைதான்.

யோர்கன் தாடியைத் தடவிக்கிட்டான். "சரி சரி. பெரிய தீவுக்குப் போய் என் கப்பல் அடுப்புக்குக் கரிமண்ணு வெட்டிக்கிட்டு வா. மூணு நாள் வேலை. வந்ததும் பேசிக்கலாம்"னான். அங்க விறகு ஏது? சேத்து நிலத்து மண்ணை வெட்டிக் காயவச்சுத்தான் எரிப்பாங்க. அவளும் நம்பி, சால்வையை ஆணியில மாட்டிட்டுப் படகைத் தள்ளிக்கிட்டுப் போனா.

அவ தலை மறைஞ்சதுதான் தாமதம், இவன் என்ன பண்ணான்? நீலச் சால்வையை எடுத்துத் தொப்பையோட சுத்திக்கிட்டான். தாடியை உள்ள சொருகிக்கிட்டான். முழங்கால் போட்டு, பொம்பள மாதிரி ஒசிஞ்சு ஒசிஞ்சு போனான். மானங்கெட்ட பய. வாத்துக பாத்துச்சு, நீலச் சால்வை, நம்ம அம்மாதான்னு பேசாம இருந்துச்சு. இவன் வாத்து வயித்துக்கு அடியில கையை விட்டு எழுபது கூட்டுத் தூவியையும் உருவிட்டான்.

வாத்து என்ன பண்ணும்? முட்டை குளிருமேன்னு மறுபடி நெஞ்சுல இருந்து பிடுங்கி மூடுச்சு. ரெண்டாம் நாளு மறுபடி சால்வையைச் சுத்திக்கிட்டுப் போனான், மறுபடி உருவினான். வாத்துக மறுபடி பிடுங்குச்சு. இப்ப தூவியோட சேந்து ரத்தமும் வந்துச்சு. மூணாம் நாளு போனான். இப்ப பிடுங்க ஒண்ணுமே இல்ல, நெஞ்சு பூரா வெறுந்தோலு. இருந்தாலும் விட்டானா? ரத்தம் ஒட்டின கடைசித் தூவியையும், பாசியையும், உடைஞ்ச முட்டை ஓட்டையும் சேத்து வாரி மூட்டையில அமுக்கினான். அமுக்கினவனுக்குச் சந்தோசம் தாங்கல. "கிடைச்சிருச்சுடா!"ன்னு போட்டான் பாரு ஒரு சத்தம், எழுபது வாத்தும் ஒரே மூச்சுல எந்திரிச்சுக் கடலுக்குப் போயிருச்சு. இவன் மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கப்பலேறிப் போயிட்டான். சால்வை கழுத்துக்குக் கதகதன்னு இருக்கவும் அதையும் கழட்டல.

ரக்னா கரிமண்ணை ஏத்திக்கிட்டு வர்றா. பாதிக் கடல்ல, அவ படகைச் சுத்தி எழுபது வாத்து மிதக்குது. இந்த நேரத்துல கூட்டுல இருக்கவேண்டியதுக கடல்ல என்ன பண்ணுதுகன்னு துடுப்பை வேகமாப் போட்டா. கிட்டப் போய்ப் பாத்தா, நெஞ்செல்லாம் சிவந்து கிடக்கு. அவளைப் பாத்ததும் வாத்துக விலகி விலகிப் போகுது. ஐயோ, அவளைப் பாத்து! எழுபது வீடு கட்டினவளைப் பாத்து!

வீட்டுக்கு ஓடினா. ஆணியில சால்வை இல்ல. கூட்டுல தூவி இல்ல. முட்டையைத் தொட்டா, சூடு இப்பத்தான் இறங்கிக்கிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனா அத்தனையும் கல்லு. அழுகுறதுக்குக்கூட நேரமில்ல.

அவகிட்ட ஒரே ஒரு போர்வை இருந்துச்சு. அவ அம்மா தைச்சது. அம்மா பன்னெண்டு வருசம் வாத்துகளைக் காத்துக் காத்து, வித்தது போக மிச்சத்தைச் சிறுகச் சிறுகச் சேத்து, மக கல்யாணத்துக்குக் குடுத்தது. அடுத்த குளிர்காலத்துக்கு அவ உசுரும் அதை நம்பித்தான். அதைத் தூக்கினா. கத்தியை எடுத்தா. சர்ர்ருன்னு கிழிச்சா. "வாத்து குடுத்தது வாத்துக்கே போகட்டும்மா"ன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு, எழுபது வீட்டுக்கும் ஓடி ஓடித் தூவியை வச்சு முட்டையை மூடினா.

மூடியாச்சு. ஆனா உக்கார அம்மா வேணுமே? சால்வை இருந்தாலும் பிரயோசனமில்ல, இப்ப நீலத்தைக் கண்டாலே மிரளும். கரையில போய் நின்னா. ஒண்ணரை மாசம் சத்தமாப் பேசக்கூடாதவ, அன்னிக்கு வழக்கத்தை மீறினா. குனிஞ்சு, கடலைப் பாத்துச் சொன்னா: "வாம்மா, வழியில ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

ஒரு வாத்தும் திரும்பல.

ரெண்டாம் தடவை சொன்னா. "வாம்மா, வழியில ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" கழுத்துக திரும்புச்சு. அந்தக் குரல் தெரியும்ல? கொஞ்சம் நீந்தி வந்து, நின்னுக்கிச்சு.

மூணாம் தடவை பாதிதான் வந்துச்சு, "வாம்மா..."ன்னு. அந்த நொண்டி வாத்து இருக்கே, அது தத்தித் தத்திக் கரையேறுச்சு. அவ காலைச் சுத்துச்சு. நேரா வீட்டுக்குள்ள போய், கட்டிலுக்கு அடியில புகுந்து, உக்காந்துக்கிச்சு. அதைப் பாத்து இன்னொண்ணு. அதைப் பாத்து இன்னொண்ணு. ரக்னா மணல்ல உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. சத்தம் வரக்கூடாதுல்ல.

எல்லாம் பொரிச்சுச்சான்னு கேக்காத பவளம், பன்னெண்டு கூடு போச்சு. போனது போனதுதான். மிச்சம் அம்பத்தெட்டும் பொரிச்சுச்சு! மூணு வாரத்துல தீவு பூரா குஞ்சு, கால் வைக்க இடமில்ல. தாய்க முன்னாடி போக, குஞ்சுக பின்னாடி போக, எல்லாம் கடலுக்குப் போயிருச்சு. ரக்னா கூடு கூடாப் போய்த் தன் அம்மா தூவியைத் திரும்பப் பொறுக்கினா, காயப்போட்டா, சட்டத்துல தேய்ச்சா, போர்வையை மறுபடி தைச்சா. அப்பாடான்னு ஒரு பெருமூச்சு விட்டா.

விட்ட மூச்சு முடியல, கப்பல் வந்துருச்சு. ராஜாவோட ஆளுங்க.

அங்க என்ன நடந்துச்சுன்னு கேளு. யோர்கன் அந்த ஈரத் தூவியைக் காயவைக்காம, தேய்க்காம, அப்படியே உறைக்குள்ள திணிச்சுக் குடுத்துட்டான். முதல் ராத்திரி ராஜா போத்தினாரு. உடம்பெல்லாம் அரிப்பு. கோழிக்கூண்டுல கையை விட்டா ஏறுமே செள்ளு, அது ராஜா மேல ஏறிருச்சு. ரெண்டாம் ராத்திரி போத்தினாரு. நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. மூணாம் ராத்திரி செள்ளும் நாத்தமும் சேந்து வர, ராஜா போர்வையை வீசிட்டு எந்திரிச்சு, "யாருடா இதைச் செஞ்சது?"ன்னு கேட்டாரு. யோர்கன் கூசாமச் சொன்னான், "அந்தத் தீவுக்காரிதான் மகாராஜா! திமிர் பிடிச்சவ!" ராஜாவுக்கு வந்துச்சு கோவம். "அவளைத் தீவை விட்டு விரட்டு. விரட்டுறதுக்கு முன்னாடி என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்து."

ரக்னா கப்பல்ல குளிருமேன்னு அம்மா போர்வையை மட்டும் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனா.

ராஜா கண்ணு ரெண்டும் கோவைப்பழம், மேலெல்லாம் தடிப்பு தடிப்பா இருந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. "ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"மகாராஜா, முதல்ல கொஞ்சம் தூங்குங்க. அப்புறம் என்னை விரட்டுங்க"ன்னு சொல்லி, போர்வையைப் போத்திவிட்டா. ராஜா கண்ணை மூடினவருதான், ரெண்டு நாள் எந்திரிக்கல. ராஜா போயிட்டாரோன்னு அரண்மனையே பயந்துபோச்சு. குறட்டைச் சத்தம் கேட்டபிறகுதான் எல்லாருக்கும் உசுரு வந்துச்சு.

மூணாம் நாளு சிரிச்ச முகமா எந்திரிச்சாரு. "இது உன் கை வேலைன்னா, அது யாரு வேலை?"

"அந்தப் போர்வையைக் கிழிச்சுப் பாருங்க மகாராஜா."

கிழிச்சாங்க. உள்ள உடைஞ்ச முட்டை ஓடு, பாசி, காய்ஞ்ச ரத்தம்.

"நாங்க குஞ்சு போனப்புறம்தான் எடுப்போம். தாய் உக்காந்திருக்கும்போதே அடியில கையை விட்டு உருவினாத்தான் இதெல்லாம் வரும். பிரசவத்துக்கு வந்தவ போர்வையை உருவின கை அது."

யோர்கன் கூரை அதிரக் கத்தினான். "பொய்! நான் அந்த வாத்துப் பக்கமே போகல! சால்வையையும் நான் தொடல!"

"சால்வையைப் பத்தி நான் பேசவே இல்லையே ஐயா"ன்னா ரக்னா. "நீங்களே சொன்னதால கேக்கிறேன். உங்க கழுத்துல கிடக்கிறது என்னது?"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீலச் சால்வை. அதுல அங்கங்க வாத்து இறகு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தன் வாயால தானே மாட்டிக்கிட்டான். தொண்டை பெரிசா இருந்தா மட்டும் போதுமா?

"இவன் நாக்கை அறுத்துரவா?"ன்னாரு ராஜா.

"வேணாம் மகாராஜா, பாவம். நாக்கு இருக்கட்டும், சத்தம் போகட்டும். எனக்குக் கல்லு சுமக்க ஆளில்ல, இவரை அனுப்பிவைங்க. இவர் கட்டின வீட்டுக்கு ஒரே ஒரு வாத்து தானா வந்து உக்காந்துச்சுன்னா, அன்னிக்கு இவரை விட்ருங்க."

"அவ்வளவுதானா? உனக்கு என்ன வேணும்?"

"என் வீடு எனக்கு வேணும். எங்க முப்பாட்டனுங்க படகுல வந்து இறங்கினப்ப அந்தத் தீவுல ஒரு மனுசன் இல்லையாம், வாத்துதான் இருந்துச்சாம். நாங்கதான் அதுக வீட்டுக்கு வந்த விருந்தாளி. எங்களை இருக்கவிடுங்க."

ராஜா தலையாட்டினாரு. அடைகாக்கிற காலத்துல ராஜா ஆளுங்க யாரும் அந்தக் கரையில கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவ அம்மா போர்வையை அவளே கொண்டுபோகச் சொல்லிட்டாரு. வாத்துக மனசு வச்சா அடுத்த வருசம் உங்களுக்கு ஒண்ணுன்னு ரக்னா சொன்னா, அவரும் ஏழு கம்பளியோட காத்திருந்தாரு.

யோர்கன் கல்லு சுமந்தான். முதல் வருசம் ஒரு வீடு கட்டினான், வாசலை வாடைக்காத்துப் பக்கமா வச்சுட்டான். வாத்து வரல. ரெண்டாம் வருசம் வாசலைத் திருப்பி வச்சான், பாசியை ஈரத்தோட போட்டுட்டான். வாத்து வரல. இந்த ரெண்டு வருசத்துல தொப்பை கரைஞ்சுபோச்சு. குசுகுசுன்னு பேசிப் பேசி, கத்துறதுகூட மறந்துபோச்சு. மூணாம் வருசம் பாசியை நாலு தடவை காயவச்சு, கல்லை இடுக்கு இல்லாம அடுக்கி, தூரமாப் போய்க் குப்புறப் படுத்துக்கிட்டுக் காத்திருந்தான்.

அந்த நொண்டி வாத்து கரையேறுச்சு. ரக்னா வீட்டு வாசல் வரைக்கும் போச்சு. நின்னுச்சு. திரும்புச்சு. தத்தித் தத்தி யோர்கன் கட்டின வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு.

அவனுக்கு அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் பொங்கி வந்துச்சு. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டான். கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. அப்படியே முழங்கால்ல ஊர்ந்து போய், வீட்டு வாசல்ல குனிஞ்சு, அவனுக்கே கேக்காத குரல்ல கேட்டான்: "வாம்மா, வழியில ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

அன்னிக்கே அவனை விட்டாச்சு, போகலாம்னு ரக்னா சொன்னா. அவன் போகல. "குஞ்சு பொரிக்கட்டும்"னான்.

பதறாத காரியம் சிதறாதுன்னு இதுக்குத்தான் சொன்னாங்க. என் கதை கரையேறியாச்சு, வாத்து கூட்டுக்குள்ள போயாச்சு. இனி யாரும் சத்தம் போடக்கூடாது, பவளம், உன்னைத்தான். கண்ணை மூடு.